சந்திக்க வேண்டியவர்: சுவரில் உள்ள பெட்டி

நகரக் குடிநீர்க் குறைதீர் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்துப் பேசுவதற்கென்று ஒருத்தி இருந்தாள். பதினேழு வருடமாக அந்த நாற்காலியில்தான் இருந்தாள். அலுவலகத்தின் எந்தப் போனில் சைபரை அழுத்தினாலும் அவள்தான் பேசுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் சைபரக்கா. வெளியிலிருந்து வரும் அழைப்புகளும் முதலில் அவளிடம்தான் வரும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவர், வந்த தண்ணீர் நிற்கவே இல்லை என்பவர், தண்ணீருக்குப் பதில் காற்று வருகிறது, மீட்டர் அதையும் கணக்கெடுக்கிறது என்பவர், எல்லோரும் முதலில் இவளைத் திட்டிவிட்டுத்தான் உரிய பிரிவுக்குப் போவார்கள். உரிய பிரிவுக்குப் போவதற்குள் பாதிப்பேருக்குக் கோபம் தணிந்துவிடும். அந்த அலுவலகம் மக்களுக்குச் செய்துவந்த ஒரே சேவை இதுதான் என்று சொல்பவர்களும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மேசைக்கு ஓர் ஆணை வந்தது.

"மேற்படி இருக்கையில் கடந்த முப்பத்தெட்டு நாட்களில் பெறப்பட்ட அழைப்புகளின் எண்ணிக்கை சுழியம் என்பது வேலைப்பளு ஆய்வறிக்கை வாயிலாக அறியவருவதால், மேற்படி இருக்கையும் அதில் அமர்ந்துள்ளவரும் உபரி எனக் கருதப்பட்டு, இன்று மாலை ஐந்து மணி முதல் பழைய மீட்டர் கிடங்குக்கு மாற்றப்படுகிறார்கள்."

நாற்காலியும் கூடவே வருகிறது என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. மற்றபடி, பழைய மீட்டர் கிடங்கு ஊருக்கு வெளியே மூன்று பஸ் மாறிப் போகும் தூரம். வீடோ அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. வீட்டில் மாமியார். இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் இருந்தாள். மதியம் ஒரு மணிக்கு யாராவது போய் எழுப்பி உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, மறுபக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அந்த 'யாராவது' சைபரக்காதான். கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வருவான், இரண்டு முறையும் தூங்குவான்.

அழைப்பே வரவில்லை என்பது உண்மை. முப்பத்தெட்டு நாளாகப் போன் அடிக்கவில்லை. மூன்றாம் நாளே அவள் போய் உதவி ஆணையரிடம் சொன்னாள்.

உதவி ஆணையர் அப்போதுதான் 'நிசப்த நிர்வாகம்' என்ற மூன்று நாள் பயிற்சி முகாமிலிருந்து திரும்பியிருந்தார். முகாமிலிருந்து ஒரு பை நிறைய வழவழப்பான கூழாங்கற்கள் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். கோபம் வரும்போது கல்லைத் தடவ வேண்டும். கூட்டங்களில் நாற்காலி கிடையாது. நின்றபடி, கண்ணை மூடி, தங்கள் பிரிவின் பிரச்சினையை மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். இப்படி நடத்தியதில் கூட்டங்கள் நான்கு நிமிடத்தில் முடிந்தன.

"போன் அடிக்கலையா?" என்று கேட்டார் அவர். முகம் மலர்ந்தது. "மூணே நாள்ல வேலை செய்யுதும்மா. நாம அமைதியானா நகரமே அமைதியாகும்னு அங்கே சொன்னாங்க. நான்கூட நம்பலை."

சைபரக்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அவளுக்கும் அது பிடித்திருந்தது. பதினேழு வருடத்தில் முதல்முறையாக டீயைச் சூடாகக் குடித்தாள். இளநீல நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்து ஒன்றரைக் கை முடித்திருந்தாள். மாற்றல் ஆணை வந்தபோதும் ஊசி கையில்தான் இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனாள். மாமியார் சாப்பிட்டபடியே மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதே."

"கேளுங்க அத்தை."

"லீவு நாள்ல தலை சீவிக்கிட்டு, பையை மாட்டிக்கிட்டு தினமும் எங்கே போறே?"

"லீவா? எந்த லீவு?"

"நானும் ஒரு மாசமா பாக்குறேன். மாத்திரை எங்கே வெச்சேன்னு கேக்கலாம்னு உங்க ஆபீசுக்குப் போன் போட்டா, ஒரு பொண்ணு எடுத்து 'இன்னைக்கு விடுமுறை'ன்னு சொல்லுது. மறுநாள் போட்டாலும் விடுமுறை. நல்ல பொண்ணு, மரியாதையா பேசுது. அது ஏன் பொய் சொல்லப்போவுது?"

"என் செல்லுக்குப் போட வேண்டியதுதானே?"

"உன் செல்லுக்குப் போட்டா 'அத்தை, வேலையா இருக்கேன்'னு வெச்சிடுவே. அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் பேசுது. பாட்டு வேற போடுது."

சைபரக்கா மாமியாரின் போனை வாங்கி அலுவலக எண்ணைப் போட்டாள். இரண்டு முறை மணி அடித்தது. பிறகு தேன் தடவிய குரல் ஒன்று பேசியது: "வணக்கம். நகரக் குடிநீர்க் குறைதீர் அலுவலகம் உங்களை அன்புடன் வரவேற்கிறது. இன்று அலுவலகத்துக்கு விடுமுறை. தயவுசெய்து நாளை தொடர்பு கொள்ளவும். நன்றி." அதைத் தொடர்ந்து புல்லாங்குழல்.

அது அவளுடைய குரல்தான். பதினோரு வருடத்துக்கு முன், வரும் அழைப்புகளை எல்லாப் போனுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியை அலுவலகச் சுவரில் மாட்டிய அன்று பதிவு செய்தது. அன்றைக்கு அவள் குரல் இப்படியா இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். மாமியாருக்கு அடையாளம் தெரியாததில் தப்பே இல்லை.

அங்கிருந்தே போன்காரரை அழைத்தாள். அந்தப் பெட்டியை வருடாவருடம் பராமரிப்பவர் அவர்தான். இரண்டு மணிக்கெல்லாம் லேப்டாப் பையும் நீலக் கேபிள் சுருளுமாக வந்து அலுவலக வாசலில் நின்றார்.

"லீவு மெசேஜ் போட்டது நான்தாங்க. ஒரு நாளைக்குப் போடச் சொல்லி எழுத்துல ஆணை வந்துச்சு, போட்டேன். எடுக்கச் சொல்லி ஆணை வரலை."

"ஒரு நாளைக்குன்னா மறுநாள் எடுக்கணும்னு தெரியாதா?"

"தெரியுங்க. சந்தேகம் கேட்டு வெச்சுக்கலாம்னு மறுநாளே போன் பண்ணினேன். இன்னைக்கு விடுமுறை, நாளைக்குத் தொடர்பு கொள்ளவும்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் தினமும் பண்ணினேன். என் மேல என்ன குறை சொல்ல முடியும்?"

"சரி, எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம். இந்த லேப்டாப்பை அந்தப் பெட்டியில சொருகணும். உள்ளே போய் ஒரு டிக்கை எடுக்கணும். அவ்வளவுதான்."

வாசலில் பதிவேட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார். அந்த அலுவலகத்தில் விதிகளை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்த குற்றத்துக்காக அவரை வாசலில் உட்காரவைத்திருந்தார்கள்.

"ஆள் போகலாம். லேப்டாப் போக முடியாது."

"ஏன் சார்?"

"போன வருஷச் சுற்றறிக்கை. வெளியிலிருந்து உள்ளே வரும் கணினி எதுவானாலும் பார்வையாளராகவே கருதப்படும். பார்வையாளர் சீட்டு எழுதணும்." சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "முதல்ல போட்டோ. மூடியைத் திறங்க, முகம் தெரியணும்."

லேப்டாப்பைத் திறந்து பிடித்தார்கள். போட்டோ எடுக்கப்பட்டது. வெளிச்சம் பட்டுத் திரை பளபளத்ததால் இரண்டாவது முறையும் எடுக்கப்பட்டது.

"முகவரி?"

"கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் நம்பர்தான் முகவரி, அது பெட்டியைப் பொறுத்ததுங்க. ரெண்டும் ஒரே தெருவில இருந்தாதான் பேசிக்கும். பெட்டி ஒண்ணாம் நம்பர்னா இதை ரெண்டாம் நம்பர்ல குடிவைக்கணும்."

"வேலை முடிஞ்சதும்?"

"அடுத்த ஆபீசுக்குப் போனா அங்கே ஒரு தெரு."

பதிவேட்டுக்காரர் யோசித்து, 'வாடகைக்குக் குடியிருப்பவர்' என்று எழுதினார். "சந்திக்க வேண்டியவர்?"

"சுவரில இருக்கிற பெட்டி."

அதையும் அப்படியே எழுதினார். சீட்டைத் திருப்பிக் காட்டினார். "இங்கே சந்திக்கப்படுபவரோட சம்மதக் கையெழுத்து வேணும். அது இல்லாம சந்திப்பு கிடையாது."

"அண்ணே," என்றாள் சைபரக்கா, "பெட்டி எப்படிக் கையெழுத்துப் போடும்?"

"அது எனக்கும் தெரியும்மா. அதுக்குப் பொறுப்பானவர் யாரோ அவர் போடலாம். போய் வாங்கிட்டு வா. நான் வேண்டாம்னு சொல்லலையே."

மணி இரண்டரை.

அவள் சாமான் அறைக்கு ஓடினாள். பெட்டி சுவரில் அடிக்கப்பட்டுவிட்டதால் அது சாமான் இல்லை, கட்டடம் என்றார்கள். கட்டடப் பிரிவில், விளக்கு எரிகிற எதுவும் கட்டடம் ஆகாது, அது மின்சாரம் என்றார்கள். மின்பிரிவில் இருந்தவர் கூழாங்கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மின்சாரம் பேசுமா? பேசாது. இது பேசுது. அப்போ இது தொலைபேசிப் பிரிவு."

"தொலைபேசிப் பிரிவே நான்தான் சார்."

"அப்போ நீங்களே போடுங்க. என்கிட்ட ஏன் வந்தீங்க?"

மூச்சு வாங்க வாசலுக்குத் திரும்பினாள். பதிவேட்டுக்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"உன்னை இன்னைக்குக் காலைல உபரின்னு அறிவிச்சிட்டாங்களேம்மா. உபரி ஊழியர் தன்னோட வருகைப் பதிவைத் தவிர வேற எதிலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

"போன் வரலைன்னு என்னை உபரின்னு சொன்னாங்க. போன் வர வைக்க நான் கையெழுத்துப் போடணும். உபரிங்கறதால போட முடியாது. அப்படித்தானே?"

"நீ ரொம்பத் தெளிவாப் புரிஞ்சுக்கிட்டே," என்றார் அவர் பாராட்டும் குரலில்.

போன்காரர் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். அதன் கழுத்தில், கழுத்து என்று ஒன்று இருந்தால், 'பார்வையாளர்' என்ற அட்டை தொங்கியது. அவர் கழுத்தில் எதுவும் இல்லை. போகிற வருகிறவர்கள் லேப்டாப்புக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றே முக்காலுக்கு அவள் உதவி ஆணையரின் அறைக்குள் போனாள். அவர் ஜன்னல் பக்கம் நின்று ஒரு அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளை ஒழித்துவிட்டதால் அவரும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது.

"வாம்மா. மாற்றலை நினைச்சுக் கவலைப்படாதே. கிடங்கு இதைவிட அமைதியான இடம்." அறிக்கையைத் தட்டினார். "இதைப் பாரு. வேலைப்பளு ஆய்வு. வெளியாள் ஒருத்தர் வந்து கம்ப்யூட்டர் கணக்கை வெச்சே எழுதிட்டுப் போனார். ஒரு ஆளைக்கூடப் பார்க்கலை. அதனாலதான் பாரபட்சமே இல்லை. நம்ம ஆபீஸ்ல எண் நூறுன்னு ஒருத்தர் இருக்காராம். முப்பத்தெட்டு நாள்ல பதினோராயிரத்து நானூத்திப் பன்னிரண்டு அழைப்பை எடுத்திருக்கார். ஒரு நாள்கூட லீவு போடலை. சாப்பிடக்கூட எழுந்திருக்கலை. அவர்கிட்ட பேசினவங்க யாரும் ஒரு குறைகூடப் பதிவு பண்ணலை. இந்த வருஷத்துச் சிறந்த ஊழியரா அவரைப் பரிந்துரை பண்ணி, நான் கையெழுத்துப் போட்டுத் தலைமையகத்துக்கே அனுப்பிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. அடுத்த வாரம் விழா. யாரும்மா அந்த நூறு? ரொம்ப அடக்கமானவர் போல, என் கண்ணிலயே பட்டதில்லை."

சைபரக்கா அறிக்கையை எட்டிப் பார்த்தாள்.

"சார், நூறுங்கறது அந்தப் பெட்டியோட நம்பர்."

"எந்தப் பெட்டி?"

"துடைப்பம் வைக்கிற ரூம்ல, சுவரில மாட்டியிருக்கே. போன் பெட்டி. அதுதான் எல்லாப் போனையும் எடுத்து விடுமுறைன்னு சொல்லிட்டிருக்கு."

உதவி ஆணையர் பையிலிருந்து கூழாங்கல்லை எடுத்தார். நெடுநேரம் தடவினார்.

"அறிக்கையில ஊழியர்னு இருக்கு," என்றார் கடைசியில். "நானும் ஊழியர்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். தலைமையகமும் ஊழியர்னு ஒப்புக்கிட்டாச்சு. மூணு இடத்துல ஊழியர்னு ஆனபிறகு அது பெட்டின்னு நீ சொன்னா யார் நம்புவாங்க?"

"யாரும் நம்ப மாட்டாங்க சார்," என்றாள் அவள். பதினேழு வருடம் அந்த அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. "அது ஊழியர்தான். ஆனா அதுக்குக் கை இல்லை. பரிசு வாங்கினா ரசீதுல கையெழுத்துப் போடணும். அப்போ தலைமையகம் கேப்பாங்க."

அவர் கை கல்லின்மேல் நின்றது.

"கையெழுத்துப் போட முடியாத ஊழியருக்கு விதி இருக்குன்னு பதிவேட்டு அண்ணன் சொல்லுவார். கூப்பிடவா?"

பதிவேட்டுக்காரர் விதிப் புத்தகத்தோடு வந்து, நின்றபடியே வாசித்தார். விபத்தின் காரணமாகவோ பிற காரணத்தாலோ கையெழுத்திட இயலாத ஊழியருக்கு, அவரது கை குணமாகும்வரை, அவருக்குப் பழக்கமான ஒருவரை உதவியாளராக நியமிக்கலாம். உதவியாளரின் கையெழுத்து ஊழியரின் கையெழுத்தாகவே கருதப்படும். உதவியாளர் ஊழியர் பணிபுரியும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். உபரியாக உள்ளோருக்கு முன்னுரிமை.

"பிற காரணத்தாலோன்னு இருக்கு," என்றார் அவர் புத்தகத்தை மூடி. "கையே இல்லாததும் பிற காரணம்தான்."

"கை குணமாகும்வரைன்னா எத்தனை நாள்?" என்று கேட்டார் உதவி ஆணையர்.

"அதை மருத்துவர்தான் சொல்லணும் சார். பெட்டியை யாராவது மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

யாரும் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லை என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஆனாலும், வாசலில் போன்காரர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவள் சொன்னதும் உதவி ஆணையருக்கு ஒரு தயக்கம். "அந்த லேப்டாப்காரர் விடுமுறையை எடுத்துட்டா புகாரெல்லாம் திரும்ப வருமே?"

"பரிசுக்கான கணக்கு அந்த அறிக்கையோட முடிஞ்சுபோச்சு சார்," என்றார் பதிவேட்டுக்காரர். " இனிமே வர்ற புகாரெல்லாம் அடுத்த வருஷத்தோடது."

"அப்படியா? அப்போ எல்லாம் முறைப்படி நடக்கட்டும்."

நாலரைக்கு நியமன ஆணை டைப் ஆகி வந்தது. நாலு முப்பத்தைந்துக்கு, 'எண் நூறு அவர்களின் உதவியாளர்' என்ற முறையில் சைபரக்கா பார்வையாளர் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். மாற்றல் ஆணை ரத்தானது. நாற்காலிக்கு வந்த மாற்றல் மட்டும் ரத்தாகவில்லை. அதற்குத் தனி ஆணை வேண்டுமாம்.

துடைப்ப அறையில் போன்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நீலக் கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையைப் பெட்டியின் அடியிலும் சொருகினார். பச்சை விளக்கு சிமிட்டியது. லேப்டாப்பை இரண்டாம் நம்பரில் குடிவைத்தார். கடவுச்சொல் கேட்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்தார்.

"இவ்வளவு காவல் போட்டுட்டு இதுவா கடவுச்சொல்?" என்றாள் அவள்.

"மாத்தணும்னா எழுத்துல ஆணை வேணும்க்கா."

திரையில் 'விடுமுறை' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு டிக். அதைத் தட்டினார். போய்விட்டது.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம், சைபரக்காவின் போன் ஒன்றில் அடங்காமல், கட்டடத்தின் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்த ஊழியர்கள் அது தீ எச்சரிக்கை மணி என்று எடுத்துக்கொண்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படியிறங்கி, வாசலில் போய் நின்றார்கள். உதவி ஆணையர் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

அந்தத் தலை மேலே போனை எடுத்துக்கொண்டிருந்தது.

"வணக்கம், குடிநீர்க் குறைதீர் அலுவலகம்."

"யாரு? நீயா?" மாமியார். "அந்தப் பொண்ணு எங்கே?"

"லீவு முடிஞ்சுபோச்சு அத்தை. இனிமே நான்தான்."

"அடப்பாவமே," என்றாள் மாமியார். "சரி, மாத்திரை எங்கே வெச்சே?"

அடுத்த அழைப்பு ஒரு ஆணின் குரல். "என்னம்மா, பொசுக்குனு எடுத்துட்டீங்க? புல்லாங்குழல் எங்கே? ஒரு மாசமா அதைக் கேட்டுத்தான் எங்க குழந்தை சாப்பிடுது. வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கு."

"சார், உங்க குழாய்ல ஏதாவது புகார் இருந்தா சொல்லுங்க."

"குழாயா? அதுல தண்ணி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அதை விடுங்க. பாட்டை நிறுத்தினதுக்கு யார்கிட்ட புகார் கொடுக்கணும்?"

அன்று ஐந்து மணிக்குள் நாற்பத்தியொரு புகார்கள். அதில் முப்பத்தாறு, போனை எடுத்ததைப் பற்றி.

அடுத்த வாரம் கீழ்த்தளக் கூடத்தில் விழா. தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். கிடங்குக்குப் போகக் காத்திருந்த சைபரக்காவின் பழைய நாற்காலியைத் தூசி தட்டி மேடையில் போட்டு, எண் நூறு அவர்களுக்காகக் காலியாக வைத்திருந்தார்கள். பரிசுக் கேடயத்தை உதவியாளர் என்ற முறையில் அவள் வாங்கினாள், ரசீதில் கையெழுத்துப் போட்டாள். கைதட்டல் அடங்கியதும் உதவி ஆணையர் மைக்கைப் பிடித்து, "சிறந்த ஊழியர் இப்போது சில வார்த்தைகள் பேசுவார்" என்றார். நிகழ்ச்சி நிரலில் ஏற்புரை என்று அச்சாகிவிட்டது. அச்சானதை யாரால் மாற்ற முடியும்?

போன்காரர் தயாராக இருந்தார். பார்வையாளர் அட்டையோடு லேப்டாப் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பேச்சு. அதைத்தான் அவர் எடுத்து வந்திருந்தார்.

"வணக்கம். நகரக் குடிநீர்க் குறைதீர் அலுவலகம் உங்களை அன்புடன் வரவேற்கிறது. இன்று அலுவலகத்துக்கு விடுமுறை. தயவுசெய்து நாளை தொடர்பு கொள்ளவும். நன்றி."

புல்லாங்குழல் ஒலித்தது. யாரோ ஒருவர் மெதுவாகக் குனிந்து பையை எடுத்தார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் எடுத்தார். பெரிய அதிகாரி உதவி ஆணையரைப் பார்த்தார். உதவி ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். சிறந்த ஊழியர், தலைமையகம் அங்கீகரித்தவர், மைக்கில், எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். பாட்டு முடிவதற்குள் கூடம் காலியாகிவிட்டது. பதிவேட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று, அன்றைய பக்கத்தில் 'விடுமுறை' என்று எழுதிக் கோடு போட்டார்.

கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு சைபரக்கா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். செல் அடித்தது.

"அத்தை, வேலையா இருக்கேன்னு சொல்ல மாட்டேன். பேசுங்க."

"விழா எப்படி நடந்துச்சு? அந்தப் பொண்ணு பேசிச்சா?"

"பேசிச்சு. இன்னைக்கு லீவுன்னு சொல்லிச்சு."

"எல்லாரும் கேட்டுக்கிட்டாங்களா?"

"உடனே கிளம்பிட்டாங்க அத்தை. ஒருத்தர்கூட மிச்சம் இல்லை."

மறுமுனையில் மாமியார் ஒரு திருப்தியான பெருமூச்சு விட்டாள்.

"பாத்தியா? அதைத்தான் சொல்றேன். பதினேழு வருஷமா நீயும்தான் பேசறே. நீ சொல்லி ஒருத்தர் கேட்டிருக்காங்களா?"